இரண்டு விரல்களாலும் கிற்றார் வாசிக்கலாம்

கையில் காயப்பட்டவர்கள் கிற்றார் இனித் தமக்கில்லை என்று நினைப்பதுண்டு. 1928 இல் ஏற்பட்ட தீ விபத்தில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இடக்கை மோதிர விரலும் சின்ன விரலும் முடங்கின. மற்ற இரு விரல்களையே பெரிதும் நம்பி வாசித்து, அவர் ஜாஸ் இசையில் பெரும் கலைஞரானார்.

தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை சுரங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பிரெட் எனப்படும் ஒவ்வொரு கட்டமும் அரைச்சுரம் உயர்த்தும்; 12 ஆவது கட்டத்தில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். பி–சி, ஈ–எஃப் இடைவெளி ஒரு கட்டம், மற்றவை இரண்டு.

அடிப்படைக் கோட் ஒன்றுக்கு மூன்று சுரங்கள் போதும். ஆதார சுரத்திலிருந்து 4 கட்டம், பின்னர் 3 கட்டம் ஏறினால் மேஜர். முதலில் 3, பின்னர் 4 என்றால் மைனர். சி, ஈ, ஜி சேர்ந்தால் சி மேஜர்.

மெல்லிய மூன்று தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டுங்கள்: ஜி, பி, ஈ. அது ஈ மைனர். பி தந்தியின் முதற் கட்டத்தை மட்டும் அழுத்தினால் பி, சி ஆகும். கோட் சி மேஜராகும். அந்த விரலை எடுத்து, மெல்லிய ஈ தந்தியின் 3 ஆவது கட்டத்தை அழுத்தி, டி தந்தியையும் சேர்த்து மீட்டினால் ஜி மேஜர்.

புத்தகப் படங்கள் நான்கு விரல்களை எதிர்பார்க்கின்றன. சுரங்களின் இடம் தெரிந்தவர் தன் கைக்கேற்ற கோட்டைத் தானே அமைத்துக்கொள்ளலாம்.