காலனி: ஒரு சொல்லின் வரலாறும் நமக்கான படிப்பினையும்



‘காலனி’ என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் கேட்கிறோம். நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் ‘காலனி ஆதிக்கம்’ என்று படிக்கின்றனர். தெருவிலோ, ஒரு சாராரின் குடியிருப்பைச் சுட்ட அதே சொல் இளக்காரமாகச் சொல்லப்படுகிறது. இச்சொல் எங்கிருந்து வந்தது?

உழவனின் சொல்

ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழி. அதில் ‘கொலேரே’ என்றால் உழுது பயிரிடுதல், குடியிருத்தல். ‘கொலோனுஸ்’ என்பவன் உழவன். ‘கொலோனியா’ என்பது அவன் குடியேறிய நிலம். ரோமானியர் தாம் வென்ற நாடுகளில், பணி முடித்த படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தி, அவ்வூர்களையும் இப்பெயரால் அழைத்தனர். ஜெர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50இல் இப்பெயர் பெற்றதே. உழவைக் குறித்த சொல் இவ்வாறு ஆக்கிரமிப்பின் சொல்லாயிற்று.

நம் கடற்கரை கண்டது

1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமா, 1502இல் மீண்டும் வந்தபோது மக்காவிலிருந்து திரும்பிய கப்பலைப் பயணிகளோடு தீயிட்டு எரித்தான். போர்த்துகீசியரின் கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் பதிவு செய்தார்கள்.

அடுத்து டச்சுக்காரர்கள் வந்தனர். மிளகை நட்டு வளர்த்தவர்கள் இம்மண்ணின் மக்கள். அதன் வணிகத்தைத் தம் பிடியில் வைக்க முனைந்தவர்கள் அவர்கள். நம் புதுக்கடைக்கு அருகேயுள்ள குளச்சலில் இறங்கிய அவர்களின் படையை, 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அம்மன்னரின் படைத்தளபதியானார். உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். நிலம் பிடிக்க வந்த படையைச் சேர்ந்தவருக்கும் இறுதியில் மிஞ்சியது ஒரு கப்ரின் அளவு இடமே!

குர்ஆன் காட்டும் பொருள்

இன்றைய அரபியில் காலனி ஆதிக்கத்தை ‘இஸ்திஃமார்’ என்பர். செழிக்கச் செய்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். அல்லாஹ் மனிதனைப் பூமியிலிருந்து உண்டாக்கி, அதில் குடியமர்த்தியதை ஸாலிஹ் (அலை) அவர்கள் ஸமூது கூட்டத்தாருக்கு நினைவூட்டும் இடத்தில் (11:61), இதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லே வருகிறது. பூமி நமக்கு அமானிதம். அதைச் செழிக்கச் செய்வது நம் கடமை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

நம் நாவுகள்

சகோதரர்களே! டச்சுக்காரனைக் குறைகூறும் நாம், வேலியை இரவோடு இரவாக நகர்த்தவில்லையா? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைக் ‘காலனி’ என்று இழிவாகச் சொன்னதில்லையா? அச்சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆவணத்தில் நீங்கினால் போதாது, நம் நாவிலும் நீங்க வேண்டும். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை அல்லாஹ் தடுத்துள்ளான் (49:11). ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (புகாரி).

பிள்ளைகள் நம் பேச்சையே கற்கின்றனர். இன்று வீட்டுக்குச் சென்றதும் இவ்வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பூமியைச் செழிக்கச் செய்வோராகவும், எவரையும் இழிவாகக் கருதாதோராகவும் நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.