பஞ்சாயத்து ரேடியோவும் கர்நாடக சங்கீதமும்

எனக்கு சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ராகம், தாளம் என்று யாராவது பரீட்சை வைத்தால் பெயில்தான். அதனால் இது ராகங்களைப் பற்றிய கட்டுரை அல்ல. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிர் வைத்துப் பிழைத்த என் தாத்தாவின் காதுக்கு மதுரை மணி ஐயரின் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றிய கட்டுரை.

தாத்தா தன் வாழ்நாளில் ஒரு சபாவின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் ரேடியோவில் ஆலாபனை ஆரம்பித்த அரை நிமிடத்தில் "இது அன்னிக்கு வந்த அதே பாட்டுடா" என்பார். அவர் சொன்னது பாட்டை அல்ல, ராகத்தை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. "வார்த்தை ஒண்ணும் வெளங்காது. ஆனா கேட்டா சில நேரம் அழுவ வரும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பஞ்சாயத்து ரேடியோ. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோ, அதற்கு ஒரு சின்ன அறை, வெளியே ஒரு ஒலிபெருக்கி. சாயங்காலம் ஆனால் வயலிலிருந்து வந்தவர்கள் அங்கே துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். செய்தி, விவசாய நிகழ்ச்சி, விலை நிலவரம் எல்லாம் முடிந்ததும் கச்சேரி வரும். பாதிப் பேர் எழுந்து போவார்கள். தாத்தா எழுந்து போகாத பாதி.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ரேடியோ வருவதற்கு முன்னால் இந்த சங்கீதம் எங்கே இருந்தது? அரண்மனை, கோயில், பணக்காரர் வீட்டுக் கல்யாணம், அப்புறம் சென்னை போன்ற நகரங்களில் சபா. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. சபாவுக்குப் போக டிக்கெட் வேண்டும், உறுப்பினராக வேண்டும், அதைவிட முக்கியமாக அந்த நகரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கிடைத்தது திருவிழாவில் நாதஸ்வரமும், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும். முத்துசாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களைப் பற்றிப் பாடியபோது அக்னித் தலமான திருவண்ணாமலைக்கும் சாரங்கா ராகத்தில் ஒரு கிருதி செய்திருக்கிறார். அந்த மலையைத் தினமும் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கிருதியைக் கேட்டிருப்பார்கள்?

இந்தியாவிலேயே ரேடியோவில் முன்னோடியாக இறங்கிய ஊர்களில் சென்னையும் ஒன்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முயற்சியில் 1924-ல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஆரம்பமானது. வெறும் 40 வாட் சக்தி கொண்ட கருவி. இன்று ஒரு குண்டு பல்பு எரிய ஆகும் சக்தி! அந்த ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே தினமும் மாலையில் நிகழ்ச்சி நடத்தியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சுண்டல் வாங்க வந்தவனும் காசு கொடுக்காமல் கச்சேரி கேட்கலாம் என்ற நிலை முதன்முதலாக அப்போதுதான் வந்தது. என்னைக் கேட்டால் எங்கள் ஊர் பஞ்சாயத்து ரேடியோவின் தாத்தா அந்த மெரினா ஒலிபெருக்கிதான்.

இன்னொரு பக்கம், 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு தனியார் கம்பெனி வானொலி நிலையங்களைத் தொடங்கியது. மூன்றே வருடத்தில் அது நொடித்துப்போக, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1936 ஜூன் மாதம் அதற்கு 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே 16-லும் திறக்கப்பட்டன. சென்னையில் இருந்த மத்திய அலை கருவியின் சக்தி கால் கிலோவாட்தான். அது பட்டணத்தைத் தாண்டவே திணறும். ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்கு 10 கிலோவாட் சிற்றலைதான் கதி. அலை உள்ளே போய் வெளியே வரும், கரகரவென்று இரைச்சல் வேறு. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் தமிழ்நாட்டின் கிராமங்கள் தோடியையும் கல்யாணியையும் முதலில் கேட்டன.

இதுவரை சொன்னது சந்தோஷமான பாதி. கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு காவல்காரரும் உட்கார்ந்தார். யாரை உள்ளே விடலாம், எதைக் கொண்டுவரலாம் என்று அவர்தான் சொன்னார். இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

முதலில் மாட்டியது ஹார்மோனியம். வானொலியில் மேற்கத்திய இசைப் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1938-ல் அதைக் கண்டித்து எழுதினார். ஹார்மோனியத்தில் சுரங்கள் கட்டையில் நிலையாக நிற்கின்றன. நம் இசையின் உயிரான கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, அதில் வராது என்பது வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. தாகூரும் 1940 ஜனவரியில் தடையை ஆதரித்தார். அந்த மார்ச் 1 முதல் வானொலியில் ஹார்மோனியம் கூடாது என்று உத்தரவு. 1971-ல்தான் இந்தத் தடை கொஞ்சம் தளர்ந்தது. நடுவில் முப்பது வருடம் ஓடிவிட்டது!

ஆனால் அது யாருடைய வாத்தியம் என்று பாருங்கள். தமிழ் நாடக மேடையே ஹார்மோனியத்தின் மேல் நின்றது. எஸ்.ஜி. கிட்டப்பா பாடும்போது ஹார்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது மிருதங்கம், முகவீணையோடு ஹார்மோனியமும் இருக்கும். கமகம் வராது என்று டெல்லியில் முடிவு செய்தவர்களுக்கு, அந்தப் பெட்டியை நம்பிப் பிழைத்த கூத்துக்காரர்கள் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, மனிதர்களையே தடுத்தது. 1946-ல் இடைக்கால அரசில் சர்தார் படேல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சொந்த வாழ்க்கை ஊர் பேசும்படி இருப்பவர்களைப் பாட விடக்கூடாது என்று உத்தரவு போனது. இது வடக்கே கோத்தேவாலிகள் என்றும் தவாயிஃப்கள் என்றும் அழைக்கப்பட்ட பாடகிகளைக் குறிவைத்தது. தலைமுறை தலைமுறையாக தும்ரியையும் தாத்ராவையும் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள்தான். பாட்டு வேண்டும், பாடுகிறவள் வேண்டாம்!

தெற்கே நிலைமை கொஞ்சம் வேறு. 1947-ல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இசை வேளாளர் குடும்பங்களில் பிறந்த பெண்களுக்கு வானொலி ஒரு மரியாதையான மேடையாகவும் இருந்தது. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் வானொலியில் பாடினார்கள். சபாவில் ஏறத் தயங்கிய பிராமண வீட்டுப் பெண்களுக்கும் ஸ்டூடியோ வசதியாக இருந்தது. 1947-ல் சுதந்திரம் வந்த இரவில் சென்னை வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள். ஆக ஒரே வானொலி ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது, இன்னொரு பெண்ணுக்குச் சாத்தியது.

மூன்றாவது, மொழி. கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே நிறைந்திருக்க, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. ராஜாஜி, கல்கி, டி.கே.சி. எல்லாம் ஆதரித்தார்கள். வானொலியிலும் தமிழ்ப் பாட்டு கூடுதலாக வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. இது நியாயமான சண்டை என்றே நினைக்கிறேன். சபாவுக்குப் பிடித்தவர் போகலாம், பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். ரேடியோ பொதுப்பணத்தில் ஓடுவது. என் தாத்தா "வார்த்தை வெளங்காது" என்று சொன்னதற்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

நான்காவது, சினிமாப் பாட்டு. 1952-ல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானார். அவரே சங்கீதம் கற்றவர். சாஸ்திரிய இசைதான் நாட்டை உயர்த்தும் என்று உறுதியாக நம்பினார். சினிமாப் பாட்டுக்கு நேரம் குறைந்தது. பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, அது இலவச விளம்பரம் என்றது வானொலி. அப்படியானால் எங்கள் பாட்டையே போட வேண்டாம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆனது. வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கப்பட்டது.

கேஸ்கரைத் திட்டிவிட்டு மட்டும் போக முடியாது. அதே 1952-ல்தான் சனிக்கிழமை இரவில் இசைக்கான தேசிய நிகழ்ச்சி ஆரம்பித்தது. தெற்கே பாடுவதை வடக்கேயும், வடக்கே வாசிப்பதைத் தெற்கேயும் நாடே ஒரே நேரத்தில் கேட்டது. 1954-ல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. ஆடிஷன் வைத்து பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று கலைஞர்களுக்குத் தரம் போட்டார்கள். பெரிய வித்வான்களையும் பரீட்சை எழுதச் சொல்வதா என்று சண்டையே நடந்தது. ஆனால் சமஸ்தானங்கள் மறைந்துபோன காலத்தில் மாதச் சம்பளமும் கச்சேரிப் பணமும் கொடுத்து எத்தனையோ கலைஞர்களைத் தாங்கியது வானொலிதான். செம்மங்குடி சீனிவாச ஐயரே 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். காலையில் நிலையம் திறந்ததும் மங்கள இசையாக நாதஸ்வரம் வைத்ததும் பெரிய காரியம். பல சபாக்களில் கல்யாண வாத்தியம் மாதிரி ஆரம்பத்தில் வாசித்துவிட்டுப் போகச் சொன்ன வாத்தியம், வானொலியில் தினமும் ஊரை எழுப்பியது.

இன்னொரு மாற்றம், நேரம். நாலு மணி நேரம் பாடிய வித்வான் அரை மணியிலும் ஒரு மணியிலும் முடிக்க வேண்டியதாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் தொடங்கு, அணைந்தால் நிறுத்து. ராகத்தை விரித்துப் பாட இடமில்லை என்பவர்கள் உண்டு. கச்சிதமாகப் பாடக் கற்றுக் கொடுத்தது என்பவர்களும் உண்டு.

டேப் வருவதற்கு முன்னால் கச்சேரிகள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. காற்றோடு வந்தது, காற்றோடு போனது. பிற்பாடு கேசட்டில் ரேடியோவிலிருந்து பதிந்து வைத்த ரசிகர்களால்தான் சில அபூர்வக் கச்சேரிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. 2016 குடியரசு தினத்தில் 'ராகம்' என்று சாஸ்திரிய இசைக்கே 24 மணி நேர வானொலியும் வந்துவிட்டது. மொபைலில் கேட்கலாம். இரைச்சல் இல்லை, லைசென்ஸ் இல்லை. ஆமாம், ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது.

இப்போது காவல்காரர் இல்லை. எனக்கு எந்த ராகம் வேண்டுமோ, ஹார்மோனியம் வேண்டுமோ, கூத்துப்பாட்டு வேண்டுமோ, தேடினால் கிடைக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் தாத்தா மதுரை மணி ஐயரைத் தேடிப் போகவில்லை. அந்தப் பெயரே அவருக்குத் தெரியாது. வெண்டைக்காய் விலை கேட்க உட்கார்ந்தவரின் காதில் அந்தக் குரல் தானாக வந்து விழுந்தது. தேடினால்தான் கிடைக்கும் என்ற இன்றைய உலகத்தில், தேடத் தெரியாதவனுக்கு யார் கொண்டுவந்து கொடுப்பது?

வானொலி யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதை மறக்கக் கூடாது. அதே நேரம், அழைப்பிதழே இல்லாத ஒரு மல்லாட்டை விவசாயியைக் கச்சேரியில் உட்கார வைத்ததும் அதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், முதன்முதலில் ரேடியோவில் என்ன பாட்டுக் கேட்டார்கள் என்று விசாரித்து வையுங்கள். நான் என் தாத்தாவிடம் ராகத்தின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.