நீரில் நைட்ரஜன் சத்துகளின் களப்பரிசோதனை

நீரில் கரைந்துள்ள நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியா ஆகியவற்றை, கையில் எடுத்துச் செல்லும் கருவிகளால் நீர் எடுத்த இடத்திலேயே அளவிடும் முறை. குடிநீர்க் கிணறுகள், ஆறு, ஏரிகள், மீன், இறால் வளர்ப்புக் குளங்கள் ஆகியவற்றைக் கண்காணிக்க இது பயன்படுகிறது.

தேவை

வயலில் இட்ட உரம், தொழுவக் கழிவு, மலக்குழிக் கசிவு ஆகியவற்றால் நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்கிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. காய்ச்சினால் நீங்காது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் கோம்லி 1945இல் இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். குடிநீரில் நைட்ரேட்டுக்கான உச்ச வரம்பு இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம்; உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50 மில்லிகிராம்.

பாட்டிலில் அடைத்த பிறகும் நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். ஆய்வகம் தொலைவில் இருந்தால், அங்கு போய்ச் சேரும் நீர் கிணற்றில் இருந்த நீராக இராது. உடனே அளப்பதன் முதன்மைப் பயன் இதுவே.

முறைகள்

நிற முறை: 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வேதியியலர் பீட்டர் கிரீஸின் பெயரால் வழங்கும் வினையில், அமிலக் கரைசலில் நைட்ரைட் இளஞ்சிவப்புச் சாயமாக மாறுகிறது. நைட்ரேட்டை அளக்க, துத்தநாகம் அல்லது காட்மியத்தால் முதலில் அதை நைட்ரைட்டாக ஒடுக்க வேண்டும். அம்மோனியாவுக்கு, மஞ்சள் நிறம் தரும் நெஸ்லர் கரைசலோ பச்சை நிறம் தரும் சாலிசிலேட் முறையோ பயன்படும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலும், கையடக்க நிறமானியால் துல்லியமாகவும் அளக்கலாம்.

மின்முனை முறை: நைட்ரேட் அயனியைத் தேர்ந்துணரும் மின்முனை, மின்னழுத்த மாற்றத்தைக் கொண்டு செறிவைக் காட்டும்.

புற ஊதா முறை: நைட்ரேட் 220 நானோமீட்டர் அளவிலான ஒளியை உறிஞ்சுவதால், வினைப்பொருள் இல்லாமலே தொடர்ந்து அளக்க முடிகிறது.

பயன்பாடு

இந்தியாவின் ஜல் ஜீவன் இயக்கத்தில் கிராமப் பெண்களுக்குக் களப்பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் உரமும் மலக்குழிக் கசிவும் எளிதில் நிலத்தடியில் இறங்கிவிடுவதால், கிணறுகளை அடிக்கடி சோதிப்பது அங்கு இன்றியமையாதது. இறால் குளங்களில் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். அதனால் அம்மோனியாவோடு பிஎச், வெப்பநிலை ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

வரம்புகள்

கலங்கல் நிறமானியைப் பிழைபடுத்தும். கடலோரக் கிணறுகளின் குளோரைடு மின்முனையைப் பாதிக்கும். கரைந்த கரிமப் பொருள் புற ஊதா அளவைக் கூட்டிக் காட்டும். அலகிலும் கவனம் தேவை: நைட்ரஜனாகக் குறிக்கப்படும் 10 மில்லிகிராம், நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 44 மில்லிகிராம். காட்மியமும் நெஸ்லர் கரைசலிலுள்ள பாதரசமும் நஞ்சு என்பதால், சோதித்த கரைசலைக் கிணற்றடியில் கொட்டக்கூடாது.

களப்பரிசோதனை முதற்கட்டச் சல்லடை மட்டுமே. வரம்பை மீறிய அளவு தெரிந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். முடிவு வரும்வரை அந்நீரைக் கைக்குழந்தை உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது.