விளக்கை அளந்தவர்கள்: தில்லியில் ஒளியளவியலின் வளர்ச்சி

விளக்கின் வரலாறு பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1879-இல் கரியிழை விளக்கைப் பயன்பாட்டுக்கு உகந்ததாக்கிய எடிசனும், அதே காலத்தில் இங்கிலாந்தில் அம்முயற்சியில் வெற்றி கண்ட ஜோசப் ஸ்வானும் பள்ளிப் பாடநூல் வரை வந்து சேர்ந்துவிட்டனர். ஆனால் ஒரு விளக்கு தரும் ஒளி எவ்வளவு என்பதை அளக்க வழி கண்டவர்களின் பெயர்கள் துறைசார்ந்தோருக்கு வெளியே அறியப்படுவதில்லை. விளக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காத தில்லி நகரம் இத்துறையில் இடம்பெறுவது இந்த இரண்டாம் வரிசையில்தான்.

ஒளியை அளக்கும் கலையான ஒளியளவியலுக்கு அடித்தளம் இட்டவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. இரண்டு விளக்குகளால் அருகருகே ஒளியூட்டப்பட்ட பரப்புகள் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தோன்றும்வரை ஒரு விளக்கை நகர்த்தி, தொலைவின் இருமடியைக் கொண்டு அவற்றின் வலிமையை ஒப்பிடலாம் என்று 1729-இல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார். 1760-இல் லாம்பர்ட் இதைக் கணிதமாக வளர்த்தெடுத்தார். ஒப்பிடும் முறை கிடைத்த பின்னரும் எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி நெடுங்காலம் தீரவில்லை. 1860-இல் இங்கிலாந்தின் சட்டம் திமிங்கில மெழுகால் ஆன ஒரு மெழுகுவர்த்தியை அளவாக வைத்தது. ஜெர்மனியில் ஹெஃப்னரின் சுடர்விளக்கு அந்த இடத்தைப் பெற்றது. மெழுகின் தரமும் காற்றின் ஈரமும் மாறினால் சுடரும் மாறும் என்பதால், உறையும் பிளாட்டினத்தின் வெப்பநிலையில் ஒளிரும் கரும்பொருளை (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உட்கவரும் பொருளை) அடிப்படையாகக் கொண்டு, இன்று கேண்டெலா எனப்படும் அலகு 1948-இல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டது.

தில்லிக்கு மின்விளக்கு அளவின் வழியாக வரவில்லை, வணிகத்தின் வழியாகவே வந்தது. 1903-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற ஜான் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1905-இல் பழைய தில்லியின் லாகோரி கேட் பகுதியில் 2 மெகாவாட் திறனுள்ள டீசல் மின்நிலையத்தை அமைத்தது. 1911-இல் நீராவி நிலையமும் சேர்ந்தது. அன்றைய மீட்டர் மின்சாரத்தை அளந்ததே தவிர ஒளியை அளக்கவில்லை. இன்றைய மின்கட்டணச் சீட்டும் யூனிட்டைத்தான் சொல்கிறது, வீட்டுக்கு வெளிச்சம் எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை.

ஒளியை அளக்கும் பொறுப்பைத் தில்லியில் ஏற்ற நிறுவனம், 1947 ஜனவரி 4 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1950 ஜனவரி 21 அன்று வல்லபாய் படேல் திறந்துவைத்த தேசிய இயற்பியல் ஆய்வகமாகும். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன்; 1928-இல் ஒளிச்சிதறல் ஆய்வில் சி. வி. ராமனுடன் பணியாற்றியவர், தமிழிலும் அறிவியல் எழுதியவர். 1961-இல் மறையும்வரை அவர் தலைமையேற்றிருந்த ஆய்வகத்தில் நிர்வாகப் பணியோடு நின்றுவிடாமல், மின்னோட்டத்தால் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பியில் வெப்பநிலை எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை எஸ். சி. ஜெயினுடன் ஆராய்ந்து 1954-இல் கட்டுரைகள் வெளியிட்டார்.

வெற்றிடத்தில் ஒளிரும் இழையின் இரு முனைகளும் அவற்றைத் தாங்கும் கம்பிகளால் குளிர்விக்கப்படுவதால் நடுப்பகுதி மிகுந்த சூட்டிலும் முனைகள் குறைந்த சூட்டிலும் இருக்கும். இழை போதிய நீளமுடையதாயின் நடுவில் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே சீராக நிற்கும். குட்டையான இழையில் அந்தச் சீர்நிலை வருவதே இல்லை. இப்பரவலின் வடிவத்திலிருந்து உயர்வெப்பத்தில் பொருள்களின் வெப்பங்கடத்தும் திறனைக் கணிப்பதே ஆய்வின் நோக்கமாக இருந்ததால், கிருஷ்ணனை விளக்குப் பொறியியலாளர் என்று அழைப்பது மிகையாகும். ஆயினும் ஒளியளவியலுக்கு இது அயலான செய்தியன்று. உலகெங்கும் ஆய்வகங்கள் ஒளியின் அலகைக் கையில் வைத்துப் பயன்படுத்தியது டங்ஸ்டன் இழை கொண்ட தரவிளக்குகள் வாயிலாகத்தான். அவ்விளக்கில் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்கு கூடினால் ஒளி நூற்றில் மூன்று பங்குக்கும் மேல் கூடிவிடும் என்பதால், இழையின் வெப்பநிலையை அறியாமல் அலகைக் காப்பாற்ற முடியாது.

அலகு இருந்தால் மட்டும் போதாது, எங்கே எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லும் விதியும் வேண்டும். 1947-இல் தொடங்கி லால் சி. வர்மனின் இயக்கத்தில் வளர்ந்த இந்தியத் தர நிறுவனம் அதைத் தில்லியிலிருந்து வகுத்தது. விளக்கு வெளியிடும் ஒளியின் மொத்த அளவு லூமெனில் சொல்லப்படும்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் ஒளி விழுவதே ஒரு லக்ஸ். பொதுச்சாலைகளுக்கான அதன் ஐ.எஸ். 1944 விதி, மிக முக்கியமான சாலைக்குச் சராசரி 30 லக்ஸும் போக்குவரத்துக் குறைந்த தெருவுக்கு 4 லக்ஸும் பரிந்துரைத்தது.

பகலொளி பற்றிய ஐ.எஸ். 2440 இதைவிடச் சுவையானது. முகில் மூடிய ஐரோப்பிய வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட மும்மடங்கு ஒளிர்கிறது. அங்கு எழுதப்பட்ட சூத்திரங்கள் அதையே கருதின. ஆண்டின் பெரும்பகுதி தெளிந்திருக்கும் இந்திய வானத்தில் நிலைமை நேர்மாறு. ருர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனத்தில் வி. நரசிம்மனும் பி. கே. சக்சேனாவும் அளந்து காட்டிய தெளிவானத்தில் உச்சி மங்கலாகவும் அடிவானம் பொலிவாகவும் இருந்தது. விதியில் ஏற்கப்பட்ட மாதிரிப்படி 15 பாகை உயரத்தில் ஒளிர்மை உச்சியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. சூரியன் 15 பாகை உயரத்தில் நிற்கும் வேளைக்குரிய 8,000 லக்ஸ் வெளியொளியை அடிப்படையாக வைத்ததால், அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் 80 லக்ஸ் கிடைக்கும் என்று கணக்கிடலாம். இந்நாட்டுச் சன்னலுக்கு இந்நாட்டு வானத்தையே அளவுகோலாக்கிய இந்தப் பணி உரிய கவனம் பெறவில்லை.

1979-இல் கேண்டெலா பிளாட்டினத்தை விட்டு விலகி, கண் மிகுதியாக உணரும் பச்சை ஒளிக்கு அருகிலுள்ள 540 டெராஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு வாட் கதிர்வீச்சு 683 லூமென் என்ற வரையறையைப் பெற்றது. ஒளியை லூமெனில் அளப்பதன் நடைமுறைத் தேவை 2015 ஜனவரி 5 அன்று தில்லியில், வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு வழங்கும் உஜாலா திட்டமும் எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டமும் தொடங்கியபோது எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும். மொத்தக் கொள்முதலால் எல்.இ.டி. பல்பின் விலை 2014-இல் இருந்த 310 ரூபாயிலிருந்து 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. தெற்கு தில்லி மாநகராட்சி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை மாற்றியது. வாட்டைப் பார்த்து ஒளியை ஊகிக்கும் குண்டு பல்புக் காலத்துப் பழக்கம், குறைந்த வாட்டில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி.க்குப் பயன்படவில்லை. மேலும் எல்.இ.டி. ஒரு திசை நோக்கி ஒளி வீசுவது. அதன் நிறமாலையில் நீலம் கூர்முனையாக எழுவது. இழைவிளக்கைக் கொண்டு சரிபார்க்கப்பட்ட உணரி கண்ணின் ஒளியுணர்திறனிலிருந்து சற்றே விலகியிருந்தாலும், அந்தப் பிழை பழைய பல்பில் தெரியாது, புதிய பல்பில் கணக்கைப் புரட்டிவிடும். அதனால் ஒளியைச் சிதறவிட்டு ஒன்றுசேர்க்கும் உட்புறம் வெண்ணிறமான கோளத்தினுள் இன்று எல்.இ.டி. விளக்கையே தரவிளக்காக வைத்து ஒப்பிடும் முறை வலுப்பெற்று வருகிறது.