குரங்கு தட்டிய கணினி

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் வந்தது. பயிற்சியில் மவுஸை இரண்டு தட்டு தட்டினால் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதே பழக்கத்தில் ‘பதிவு’ பொத்தானையும் இரண்டு தட்டு தட்டினேன். ஒரு கடைநிலை ஊழியரின் முன்பணப் பிடித்தம் இரண்டு முறை ஏறிவிட்டது. மெமோ எனக்கு வந்தது. மென்பொருள் எழுதிய தம்பி, “கணக்கெல்லாம் பைசா சுத்தமா டெஸ்ட் பண்ணிட்டேன் சார். பொத்தானை யார் சார் டெஸ்ட் பண்ணுவாங்க?” என்றார்.

அந்தக் கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1983-இல் ஆப்பிள் நிறுவனம் மேக்கிண்டாஷை உருவாக்கிக்கொண்டிருந்தது. நினைவகம் வெறும் 128 கிலோபைட். மவுஸ் அசைவையும் விசைத் தட்டலையும் பதிந்து திரும்ப ஓட்டிக்காட்டும் வசதி ஒன்று, புதியவர்களுக்கு விளக்கம் காட்டுவதற்காக அதில் இருந்தது. ஸ்டீவ் கேப்ஸ் என்ற பொறியாளர் அதன் வழியாகக் கண்டபடி தட்டல்களை அனுப்பிப் பார்த்தார். கோபக்காரக் குரங்கு ஒன்று கணினி முன் உட்கார்ந்ததுபோல் இருந்ததாம். பெயரும் ‘மங்கி’ என்றே வைத்தார்கள். ஒரு சங்கடம்: குரங்கு சீக்கிரமே ‘வெளியேறு’ கட்டளையையும் தட்டிவிடும், ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே ‘குரங்கு உயிரோடிருக்கிறது’ என்று நினைவகத்தில் ஓர் அடையாளம் வைத்தார்கள். மேக்பெயிண்ட் அதைப் பார்த்தால் வெளியேறும் கட்டளையை முடக்கிவிடும். ராத்திரி முழுக்கக் குரங்கு தட்டலாம்.

ஆனால் நிரல் விழுந்ததா இல்லையா என்பதுதான் குரங்குக்குத் தெரியும். என் இரட்டைப் பதிவில் எதுவும் விழவில்லையே! அதைப் பிடிக்க, சரியான விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு வைத்த ‘டிக்தே’ மாதிரி: வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவோம், மூலம் அவர் கையில் இருக்கும். ‘யூனிட் டெஸ்ட்’ என்பது அதுதான். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் அதற்காக ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள்.

கணக்குக்கு அது சுலபம். திரையில் இருக்கும் பொத்தானுக்கு? மைக்கேல் ஃபெதர்ஸ் 2002-இல் ஒரு வழி எழுதினார். யோசிக்கும் வேலையையெல்லாம் ஜன்னலிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடு. ஜன்னல் வெறும் தபால்காரன், கொடுத்ததைக் காட்டும், தட்டியதைச் சொல்லும், அவ்வளவுதான். அதற்கு ‘பணிவான’ ஜன்னல் என்று பெயர். பிறகு சோதனைக்கு நிஜ ஜன்னலே வேண்டாம், பொய் ஜன்னல் போதும். ‘பதிவு’ என்று இரண்டு முறை சொல், எத்தனை பதிவு ஏறியது என்று கேள். ஒன்றுக்கு மேல் வந்தால் சிவப்பு.

நாலைந்து வரிச் சோதனை. எனக்கு மெமோ வந்திருக்காது.

பிடித்தத்தை அடுத்த மாதம் திருப்பித் தந்தார்கள். அந்த மாத மளிகைக்கு அவர் கடன் வாங்கினார், என்னிடம்தான்.