எண்ணெயும் நீரும் இணைந்த கதை

ஒட்டாத உறவுக்கு எண்ணெயையும் தண்ணீரையும் உவமை சொல்வது நம் வழக்கம். அவ்விரண்டையும் ஒட்டவைக்கும் கலையை நம்பித்தான் சென்னையின் தோல் தொழில் வளர்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய சென்னைத் தோலுக்குக் கையால் எண்ணெய் தேய்த்தாலே போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கே குரோம் பதனிடுதலைப் புகுத்தினார். குரோம் தோலோ உலர்ந்தால் விறைத்துவிடும். இழைகளுக்கிடையே எண்ணெய் புகுந்தால்தான் மென்மை பெறும். நனைந்த தோலினுள் எண்ணெயைச் செலுத்த, அதை நுண்துளிகளாக நீரில் பரப்பிய பால்மம் தேவைப்பட்டது.

1948 ஏப்ரல் 24 அன்று அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில் வின்சர் என்னும் அறிஞர், எண்ணெயும் நீரும் அவற்றை இணைக்கும் சோப்பு போன்ற பொருளும் சேரும்போது தோன்றும் அடுக்குகளை வகைப்படுத்தினார். இணைப்பான் கீழே நீரில் தங்கலாம். மேலே எண்ணெயில் தங்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாம் அடுக்காகவும் நிற்கலாம்.

எதிர்மின்சுமை உடைய இணைப்பான்கள் குரோம் தோலின் நேர்மின்சுமையைத் தொட்டதும் பால்மம் உடைந்து, எண்ணெய் மேற்பரப்பிலேயே படியக்கூடும். மின்சுமையற்றவை அவ்வாறு எளிதில் உடையாமல் ஆழமாக ஊடுருவும். ஆனால் சூடு ஏற ஏற அவற்றுக்கு நீரின்மீதுள்ள பற்றுத் தளர்ந்து, எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும். ஜப்பானிய அறிஞர் ஷினோடா 1964இல் இந்தத் தடம் மாறும் வெப்பநிலையையே அளவுகோலாக்கினார். கோடையில் கொதிக்கும் நம் ஊருக்கு இது ஏட்டுச் செய்தியன்று.

மேலும், தொழிலில் பயன்படுபவை பெரும்பாலும் நெடிய, குறுகிய சங்கிலிகளின் கலவைகளே. குறுகியவை எண்ணெயில் கரைந்து மறைய, எல்லையில் எஞ்சுபவை நீரை அதிகம் விரும்புபவை. ஆகவே எண்ணெய் மிகுந்தால் தடம் மாறும் வெப்பநிலையும் உயர்கிறது. ஒரே கலவை எல்லாத் தோலுக்கும் பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வகையில் பரவலாகப் பயன்பட்ட நோனைல்பீனால் எத்தாக்ஸிலேட், ஆற்றில் சிதைந்து மீன்களின் இனப்பெருக்கத்தைக் குலைக்கும் பொருளாகிறது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் தோல் தொழிலில் அதைக் கட்டுப்படுத்தியது. ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை ஊற்றினால் போதாது. வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் ஏற்பக் கலவையை மீண்டும் அமைக்க வேண்டும். அந்த உழைப்பு ஏற்றுமதிச் சந்தைக்காக மட்டும் அன்று. 1996இல் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது பேசப்பட்ட பாலாற்றுக்கும் அது நாம் செலுத்த வேண்டிய கடன்.