ஹால்ஸ்டன்: பெயரை விற்றவர் கதை

காமர்ஸ் படிக்கிற நமக்கு 'நற்பெயர்' பழகிய விஷயம்தான். கையால் தொட முடியாது, ஆனாலும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொத்து ஒருவருடைய சொந்தப் பெயராகவே இருந்து, அதை அவர் விற்றுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ஹால்ஸ்டனுக்கு அதுதான் நடந்தது.

ராய் ஹால்ஸ்டன் ஃப்ரோவிக் 1932ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். தொப்பி செய்பவராகத்தான் தொழிலைத் தொடங்கினார். 1961ல் கென்னடி அதிபராகப் பதவியேற்ற அன்று அவர் மனைவி ஜாக்குலின் அணிந்திருந்த தொப்பி இவர் கைவண்ணம். அப்போது நியூயார்க்கில் பெர்க்டார்ஃப் குட்மேன் என்ற பெரிய கடையில் வேலை. 1968ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார்.

அவருக்கு ஆடம்பர அலங்காரம் பிடிக்காது. தேவையில்லாத பொத்தான், முடிச்சு, ஜிப் எல்லாவற்றையும் நீக்கினார். நம்ம ஊர் தையல்காரர்கள் 'கிராஸ் கட்டிங்' என்பார்களே, அப்படித் துணியை மூலைவாட்டில் வெட்டி, உடம்போடு வழிந்து விழும்படி தைத்தார். அவரும் அப்படித்தான் உடுத்துவார்: கழுத்து மூடிய கறுப்பு ஸ்வெட்டர், அவ்வளவுதான்! 1972ல் அல்ட்ராஸ்வேட் என்ற செயற்கைத் துணியில் சட்டை மாதிரி ஒரு கவுன் கொண்டுவந்தார். பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கும், ஆனால் வாஷிங் மெஷினில் துவைக்கலாம். பிரமாதமாக விற்றது.

1973ல் நார்ட்டன் சைமன் என்ற பெரிய நிறுவனத்துக்குத் தன் தொழிலை விற்றார். அதோடு 'ஹால்ஸ்டன்' என்ற பெயரும் போனது. முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. 1975ல் அந்தப் பெயரில் சென்ட் வந்தது. பிரனிஃப் விமானப் பணிப்பெண்களுக்குச் சீருடையும் வடிவமைத்தார்.

1983ல் ஜே.சி.பென்னி கடைகளுக்காகக் குறைந்த விலை உடைகள் செய்தார். சாதாரணப் பெண்களும் தன் உடையை அணியட்டும் என்ற ஆசை. ஆனால் பெர்க்டார்ஃப் குட்மேன் அவர் உடைகளை விற்பதையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நார்ட்டன் சைமனும் எஸ்மார்க் என்ற வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. புதிய முதலாளிகளோடு ஒத்துப்போகவில்லை. 1984ல் தான் தொடங்கிய கம்பெனியிலிருந்தே ஹால்ஸ்டன் வெளியேற்றப்பட்டார்.

பெயரைத் திரும்ப வாங்க முயன்றார், முடியவில்லை. 'ஹால்ஸ்டன்' உடைகள் அவர் இல்லாமலே கடைகளுக்கு வந்தன. அவரோ நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் குழுவுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும்தான் உடை வடிவமைக்க முடிந்தது. 1990ல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார்.

அவர் விற்றது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தனி ஆள் வளர்வதற்கு முதலீடு வேண்டுமே! ஆனால் வாங்கியவர்களுக்குப் பெயர் கிடைத்தது, எதைச் சேர்க்கக்கூடாது என்று தெரிந்த அந்த மனசு கிடைக்கவில்லை. சொந்தப் பெயரில் பொட்டிக் தொடங்க நினைக்கும் தோழர், தோழிகளே, பங்குதாரர் நீட்டும் ஒப்பந்தத்தில் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.